அண்ணி கேட்ட வரி

அண்ணனின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் மஞ்சளாக இருக்கும். பெங்களூர்த் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்று நாள் முழுக்க இரும்பு சீவுகிற கை அது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் முன் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுவார். கரி போகும், எண்ணெய்ப் பிசுக்குப் போகும், அந்த மஞ்சள் மட்டும் போகாது. கோயிலில் கைகூப்பி நிற்கும்போது அந்த இரண்டு விரல்களும் வேறு யாருடைய கையிலிருந்தோ வந்தவை போலத் தனியாகத் தெரியும்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்தவர் அண்ணன்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பி, எங்கள் ஊரான ஓசூரிலேயே ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்ததும் எனக்கு முதல் கைக்கடிகாரம் வாங்கித் தந்தவர். அவருக்கு வேறு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. விடியற்காலை ஐந்தரை மணி பெங்களூர் பஸ்ஸுக்குக் கிளம்புவார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒன்று, பஸ்ஸில் ஜன்னலோரம் ஒன்று, தொழிற்சாலை வாசலில் ஒன்று என்று தொடங்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முடியும்போது இரண்டு பாக்கெட் சிகரெட் காலியாகியிருக்கும். அறுபதுகளின் பிற்பாதியில் அதை யாரும் தவறாக நினைக்கவில்லை. இருமலுக்காக அண்ணியோடு போய்ப் பார்த்த டாக்டர்கூட மேஜைமேல் சாம்பல் கிண்ணத்தை வைத்துக்கொண்டுதான், "கொஞ்சம் கொறச்சுக்கப்பா" என்று சொன்னாராம். சொல்லிவிட்டு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து அண்ணி அதைச் சொன்னபோது அண்ணன் சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்பே இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணி எலத்தகிரிக்காரர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதத்தைக்கூட நீவிப் பிரித்து ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் போடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அண்ணனின் சிகரெட்டோடு மல்லுக்கட்டினார். தவக்காலத்தில் நாற்பது நாளும் தான் ஒரு வேளை பட்டினி கிடப்பதாகச் சொல்லிப் பார்த்தார். பங்குச் சாமியாரிடம் சொல்ல, அவர் அண்ணனைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அண்ணன் எல்லோருக்கும் தலையாட்டுவார். வெளியே வந்ததும் சட்டைப் பைக்குக் கை போகும்.

அவரைக் கொஞ்சமாவது அசைத்தது ஒரே ஒரு விஷயம். ஒரு வருடம் பிப்ரவரி கடைசியில் டில்லியில் வரவு செலவுத் திட்டம் வாசித்தார்கள். சிகரெட்டுக்கு வரி கூடியது. மறுநாள் காலை பெட்டிக்கடைக்காரர் புது விலை சொன்னார். அண்ணன் திட்டிக்கொண்டே வந்தார். ஆனால் அன்றைக்கு ஒரு பாக்கெட்தான் வாங்கினார். ஒன்றரை மாதம் ஒரு பாக்கெட்டோடு நின்றார். பிறகு சம்பளம் உயர்ந்தது, பழையபடி இரண்டானது. அண்ணிக்கு அந்த ஒன்றரை மாதம் மறக்கவேயில்லை.

"ஏன் பாப்பா, நா அழுதேன், கேக்கல. சாமியாரு சொன்னாரு, கேக்கல. டாக்டரு சொன்னாரு, கேக்கல. எங்கயோ டில்லில ஒருத்தரு ஒரு வார்த்த சொன்னாரு, பாதியா கொறஞ்சு போச்சே!" என்று என்னிடம் வியந்து வியந்து சொல்வார்.

அண்ணனுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் பையிலிருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து அது இரண்டு விரல்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, உதட்டில் வைத்து, முகத்தை மேலே தூக்கி 'ஃபூ' என்று ஊதியது. பிறகு அப்பாவைப் போலவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை. குழந்தையின் கையிலிருந்து சாக்பீஸ் துண்டை மெதுவாக வாங்கி என்னிடம் கொடுத்தார். "பாப்பா, உன் நோட்டுல ரெண்டு தாள் கிழிச்சுக் குடு" என்றார்.

நிதி மந்திரிக்குக் கடிதம். நான்கு முறை எழுதி, மூன்றைக் கிழித்துப்போட்டார். "மகா கனம் பொருந்திய மந்திரி ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கும் அந்தக் கடிதத்தின் பல வரிகள் எனக்கு இன்றும் மனப்பாடம். என் வீட்டுக்காரர் நல்லவர், என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, அவரிடம் உள்ள குறை இது ஒன்றுதான் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு எழுதியிருந்ததுதான் என்னை அசத்தியது. அப்போது எங்கள் பக்கம் மதுவிலக்கு. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் மைசூர் ராஜ்யம், அங்கே கடை திறந்திருக்கும். ஓசூர் ஆண்கள் சைக்கிளில் போய்க் குடித்துவிட்டு வருவதை ஊரே பார்த்தது. அண்ணி எழுதினார்: "ஐயா, சாராயத்தை இந்தப் பக்கம் நிறுத்தினால் அந்தப் பக்கம் போய்க் குடிக்கிறார்கள். சிகரெட்டுக்கு நீங்கள் டில்லியில் விலை ஏற்றினால் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஏறும். எங்கள் ஆண்கள் ஓடி ஒளிய இடம் இருக்காது. ஆகையால் இந்த முறை கொஞ்சமாக ஏற்றாமல், கைக்கு எட்டாதபடி ஏற்றிக் கொடுக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்."

வரியை உயர்த்தச் சொல்லி மந்திரிக்கு எழுதிய பெண்பிள்ளை இந்த நாட்டிலேயே அண்ணி ஒருவராகத்தான் இருக்கும் என்று நான் கேலி செய்தேன். ஆனாலும் உறையின்மேல் ஆங்கிலத்தில் முகவரி எழுதிக் கொடுத்தது நான்தான். பள்ளிக்கூடம் போகும் வழியில் தபாலில் சேர்த்ததும் நான்தான். எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அடுத்த பிப்ரவரியில் விலை மறுபடியும் ஏறியது. அது அண்ணியின் கடிதத்தால் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும். அண்ணிக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கும். ஆனால் ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்ட கணத்தில் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தால் யாருக்கும் மறுத்துச் சொல்ல மனம் வராது. அண்ணன் இந்த முறை ஒரு நாளைக்கு ஐந்து என்று இறங்கினார். இருமல் அடங்கியது. வேலை முடிந்து வந்ததும் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை நடந்துபோய் வருவார். அந்த இரண்டு மாதங்கள்தான் எங்கள் வீட்டின் நல்ல காலம்.

நடுவில் டில்லியிலிருந்து ஓர் அட்டை வந்தது. அச்சடித்த இரண்டே வரி, ஆங்கிலத்தில். உங்கள் கடிதம் கிடைத்தது, கவனத்தில் கொள்ளப்பட்டது. நான் படித்துச் சொன்னதும் அண்ணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவரிடம் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லித்தான் சொன்னேன். அவருடைய கணவரும் அதே ஐந்தரை மணி பஸ்ஸில் பெங்களூர் போகிறவர் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குள் வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்தப் பஸ்ஸில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்துதான் பேச்சு நடக்கும். அன்றைக்கு மூன்று மொழியிலும் அவரைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். "ஏனப்பா, நிம்ம மனேயவரு மந்திரி அந்தெ!" என்று ஒருவர் ஆரம்பித்தாராம். உன் பெண்டாட்டி மந்திரியாமே என்று அர்த்தம். தன் சிகரெட்டுக்கு ஏறின விலையை உன் வீட்டில் வந்து வாங்கிக்கொள்ளட்டுமா என்று இன்னொருவர் கேட்டாராம். பஸ் முழுக்கச் சிரித்திருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. ஆனால் தினமும் அதே முகங்களோடு போய்வர வேண்டிய மனிதர் அவர்.

"டில்லிக்குக் கடுதாசி போட்டியா?"

"போட்டேங்க."

"யாரக் கேட்டுப் போட்ட?"

"உங்களத்தான் ஆறு வருசமா கேக்கறேனே" என்றார் அண்ணி.

"இது வெளிய எப்பிடிப் போச்சு?" என்று கேட்டார் அண்ணன்.

நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அண்ணி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாந்தான். கோயில்ல ரெண்டு பேருகிட்டச் சொன்னேன்" என்றார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லை அண்ணா, நான்தான் சொன்னேன் என்று நான்கு வார்த்தை. எனக்கு இருபத்தொரு வயது, நான் ஒன்றும் குழந்தை இல்லை. அண்ணன் என்னை என்ன செய்துவிடப் போகிறார்? ஆனால் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே கிடையாது. அந்த முகம் என் பக்கம் திரும்பிவிடுமே என்ற ஒரே பயத்தில் பேசாமல் நின்றேன்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டுப் பீடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதுவரை அவர் பீடி குடித்து நாங்கள் பார்த்ததில்லை. "இது ஏழையோட சரக்கு. இதுல எந்த மந்திரியும் கை வெக்க மாட்டான்" என்றார். அன்றோடு சிகரெட் நின்றது. அண்ணி டில்லிக்கு எழுதிக் கேட்டது ஒரு விதத்தில் நடந்துவிட்டது.

பீடி அப்போது அவ்வளவு மலிவு. இரண்டு பாக்கெட் சிகரெட் குடித்த மனிதர் நாளுக்கு மூன்று கட்டுப் பீடி குடித்தார். பீடி அடிக்கடி அணையும், மறுபடி பற்றவைத்து ஆழமாக இழுக்க வேண்டும். எல்லையைத் தாண்டி ஓட முடியாதபடி அண்ணி வழியை அடைத்திருந்தார். கீழே இறங்கிப் போக ஒரு வழி இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அண்ணன் கோபத்தில் கத்துகிற ஆள் இல்லை. சாப்பாடு வேண்டும், சட்டை எங்கே, குழந்தைக்குக் காய்ச்சலா என்பதற்கு மேல் அண்ணியிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இரண்டு வருடம் அப்படியே போனது. அண்ணி ஒரு தடவையும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேரும் மூன்று மௌனங்களை வைத்துக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கினோம்.

முதலில் அவர் குரல் கரகரத்தது. மழைக்கால ஜலதோஷம் என்றார்கள். பிறகு சோறு விழுங்கும்போது தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டியிருந்தது. ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தம். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொண்டையில் தொடங்கி நெஞ்சுக்கும் இறங்கிவிட்டது, இனி அறுத்துப் பயனில்லை என்று சொன்னார்கள். பீடிக்கு மாறியதால் வந்ததா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "இது ரெண்டு வருஷத்துல வந்தது இல்லம்மா. இருபது வருஷமா வந்துக்கிட்டு இருந்தது" என்றார். அதை அண்ணியிடம் சொன்னேன். "அது அவரு சொல்றாரு" என்று மட்டும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போயிருந்தேன். அண்ணன் எலும்பும் தோலுமாக இருந்தார். காற்று மட்டும் வருகிற குரலில் அண்ணியைக் கிட்டே கூப்பிட்டு ஏதோ கேட்டார். அண்ணி எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது, செய்தித்தாள் துண்டில் சுற்றி ஒரே ஒரு சிகரெட் வைத்திருந்தார். பீடி அல்ல, அண்ணன் முன்பு குடித்த அதே சிகரெட். வாழ்நாளில் பெட்டிக்கடை முன்னால் போய் நின்றறியாதவர் அவர். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் அதைப் பற்றவைக்கவில்லை. மூக்கருகே வைத்து முகர்ந்தார். "எவ்ளோ?" என்று கேட்டார். அண்ணி விலையைச் சொன்னார்.

"நல்லாத்தான் ஏத்தியிருக்க" என்றார் அண்ணன்.

இரண்டு வருடத்தில் அவர் அண்ணியிடம் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது. அண்ணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அண்ணன் மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "பீடிய வுட்டுட்டியே. அதயும் சேத்து எழுதியிருக்கணும். இன்னொரு கடுதாசி எழுது."

"சும்மா இருங்க."

"நெசமாத்தான் சொல்றேன். எழுது."

என் பையில் தாளும் பேனாவும் இருந்தன. அண்ணி கட்டில் சட்டத்தின்மேல் தாளை வைத்து எழுதினார். நடுவில் அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார். "பீடி சுத்தறவங்க பாவம். பொம்பளைங்க எத்தினி பேரு அதுலதான் கஞ்சி குடிக்கறாங்க. அவங்களுக்கு வேற வேல குடுத்துட்டு ஏத்தச் சொல்லு" என்றார். அண்ணி அதையும் எழுதினார். கடைசியில் தன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை அவரிடம் நீட்டினார். அண்ணன் கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சு வாங்கினார். அண்ணி அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருந்தார். நான் அவர் கால்மாட்டில் நின்றிருந்தேன். அண்ணன் எழுதி முடித்துத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ எதிர்பார்ப்பது போல் ரொம்ப நேரம் பார்த்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

ஒன்பது நாளில் போய்விட்டார்.

இன்றைக்கு எனக்கு எண்பதை நெருங்கும் வயது. ஓசூர் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. ஏரிக்கரை வரை தொழிற்சாலைகள், வாசலுக்கு வாசல் பெட்டிக்கடைகள். சிகரெட் பெட்டியில் புண்ணான தொண்டையின் படம் போடுகிறார்கள். முதன்முறை அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் யாராவது பற்றவைத்தால் நாலு பேர் சத்தம் போடுகிறார்கள். அண்ணனைக் கேலி செய்த அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் முழு ஆயுள் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பீடி இன்னமும் ஏழைக்கு எட்டுகிற விலையில்தான் இருக்கிறது. அண்ணி எட்டு வருடங்களுக்கு முன்பு இறந்தார். அதுவரை பிப்ரவரி வந்தால், பீடிக்கு வரி ஏறியதா என்று அவர் என்னிடம் கேட்காமல் இருந்ததில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அண்ணனுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், அந்த இரண்டாவது கடிதத்தைத் தபாலில் போட அண்ணியும் நானும் போனோம். குழந்தையும் கூட வந்தது. இந்த முறை அண்ணியே பெட்டிக்குள் போட்டார். திரும்பி நடக்கும்போது எனக்குப் பொறுக்க முடியவில்லை. சாலையோரப் புளியமரத்தடியில் நின்று, "அண்ணி, பஸ்ல அண்ணனுக்குத் தெரிஞ்சது என்னாலதான். நாந்தான் எங்க ஸ்கூல் டீச்சர்கிட்டச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும் பாப்பா."

"பழிய நீங்க ஏத்துக்கிட்டீங்க. நா அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கணும்."

சொல்வதா வேண்டாமா என்று அண்ணி யோசிப்பது தெரிந்தது. குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"அவருக்கும் தெரியும். மறுநாளே பஸ்ல தெரிஞ்சு போச்சாம். ஆஸ்பத்திரில எங்கிட்டச் சொன்னாரு. நீயா ஒரு நாள் வந்து சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தாராம். கோவத்துல இல்ல பாப்பா. நா வளத்த புள்ள, எப்பவாச்சும் சொல்லும்னாரு."

பெங்களூரிலிருந்து சாயங்கால பஸ் வந்து நின்றது. வேலை முடிந்த ஆட்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு இறங்கினார்கள். அண்ணி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் புளியமரத்தடியிலேயே நின்றேன். அண்ணன் அன்றைக்குத் தண்ணீர் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.